துரையின் நெஞ்சு பனியன்

அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் கட்டிங் மேஜைமேல் கவிழ்த்தாள். நீச்சல் உடைக்காக நான் விரித்து வைத்திருந்த நீலத் துணிமேல், சுளுக்குக்குச் சுற்றுவார்களே அந்தக் கிரேப் பேண்டேஜ், துண்டு துண்டாக விழுந்தது. கத்தரியால் கண்டபடி வெட்டியிருந்தாள்.

"என்னக்கா இது?"

"உன் துரை நெஞ்சைச் சுத்திக் கட்டியிருந்தது. பிராக்டீஸ் முடிஞ்சு வந்தவன் பாத்ரூமுக்குள்ள போனான், வெளியவே வரல. கதவைத் தள்ளிப் பார்த்தா தரையில உக்காந்திருக்கான். மூச்சு விட முடியல. உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கு. கத்தரியை உள்ள விட்டு நான்தான் வெட்டி எடுத்தேன்."

சொல்லிவிட்டு என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். என் அக்கா லேசில் உட்காருகிற ஆள் இல்லை, சாப்பாட்டைக்கூட அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்கிறவள்.

துரை என்பது நான் வைத்த பெயர். அக்காவுக்கு ஒரே பிள்ளை. பிறந்தபோது பெண் குழந்தை என்று சொன்னார்கள், நாங்களும் அப்படியே வளர்த்தோம். வளர்ந்து ஆளான பிறகு, தான் ஆண் என்று ஒருநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னான். திருநம்பி என்ற சொல்லை எங்கள் வீட்டில் முதலில் உச்சரித்தவன் அவன்தான். அக்கா கொஞ்ச காலம் அழுதாள், கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் ஒருநாள் "தம்பி, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். அதோடு அந்தப் பஞ்சாயத்து முடிந்தது. எனக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. சின்னதிலிருந்தே அவனுக்கு நடையும் அதிகாரமும் துரைமார் தோரணைதான். "அப்ப இனிமே துரைன்னு கூப்பிடறேன், சரியா?" என்றேன். சிரித்தான்.

அவனுக்கு ஆட்டம் என்றால் உயிர். ஒரு நடனக் குழுவில் ஆடுகிறான். புதிதாக அவர்கள் பழகிக்கொண்டிருந்த ஆட்டத்தில் அவனுக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது. ஆட்டத்தின் உச்சத்தில் கூட ஆடுகிறவளைத் தோளுக்கு மேலே தூக்கிச் சுற்ற வேண்டும். ஆனால் மேடை விளக்கில் தன் நெஞ்சு தட்டையாகத் தெரியவில்லை என்று தோன்றிவிட்டால் அவனுக்குக் கை கால் ஓடாது. அதற்காகத்தான் இந்தக் கண்றாவிக் கட்டு.

"ஆடாதேன்னு சொன்னா அவன் உள்ளுக்குள்ளயே செத்துடுவான். இப்படியே ஆடினா நிஜமாவே செத்துடுவான்," என்றாள் அக்கா. "நீ ஊருக்கெல்லாம் ஜிம்முக்கும் நீச்சலுக்கும் தைக்கிறியே. என் பிள்ளைக்கு மூச்சு விடற மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுக்க மாட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அக்காமேல் இல்லை, அவன்மேல். இழுபடுகிற துணியோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. என் கடை ஒரு நீளமான அறை. வாசல் பக்கம் கவுன்ட்டர், நடுவில் கட்டிங் மேஜை, பின்னால் இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று, மூலையில் திரைச்சீலை போட்ட கண்ணாடி. சித்தி ஒருத்தி இப்படிக் கடை போட்டு உட்கார்ந்திருக்க, இவன் மருந்துக்கடையில் பேண்டேஜ் வாங்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் வந்தான். தனியாக வரப் பயம் போலிருக்கிறது, மகாராணியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் தூக்கிச் சுற்ற வேண்டியவள் அவள்தான். மகாராணி திருநங்கை. பகலில் பியூட்டி பார்லரில் வேலை, சாயங்காலம் ஆட்டம். என் கடைக்கு ரொம்ப நாள் வாடிக்கை. அவளுக்கு நான் தைத்துக் கொடுத்த ஆட்ட ஷார்ட்ஸ்தான் இந்த வகையில் என் முதல் வேலை. முன்பக்கம் மட்டும் இழுபடாத லைனிங் இரண்டடுக்கு, அடியில் அகலத் துண்டு, தொடை மடிப்பில் எலாஸ்டிக்கே கிடையாது, மேலே சின்னதாக ஒரு பாவாடை விளிம்பு. எதுவும் உறுத்தாது, எதுவும் நகராது, காலை எவ்வளவு உயரம் தூக்கினாலும் கவலை இல்லை.

"அந்த ஷார்ட்ஸ் போட்ட நாள்லேர்ந்து நான் ஆடும்போது ஒரு தடவைகூடக் குனிஞ்சு பார்த்துக்கலைக்கா," என்று துரையை இடித்தாள் மகாராணி. "இவன்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், சித்திகிட்ட கேளுடான்னு. வெக்கமாம்."

"வெக்கமா? துரைக்கா?" என்றேன். "பாத்ரூம் தரையில பொணம் மாதிரி உக்காந்திருக்க வெக்கமா இல்ல, சித்திகிட்ட பனியன் கேக்க மட்டும் வெக்கமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சித்தி, உன்கிட்ட சொல்லணும்னா அதைப் பத்திப் பேசணும். வாயால சொல்லக்கூட எனக்குப் பிடிக்காது. அதான்."

அதற்குமேல் நான் திட்டவில்லை. அந்த இடத்துக்கு வேறு பெயர் எதுவும் வேண்டாம், நெஞ்சு என்றே சொல்வோம், தைக்கப் போவது நெஞ்சு பனியன், அவ்வளவுதான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவன் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

திரைக்குப் பின்னால் அளவெடுத்தேன். என் கடைக்கு வருகிற ஆண்களும் பெண்களும் டேப்பைப் பார்த்ததும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே ஒளித்துக்கொள்வார்கள். "மூச்சை விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கிண்டல் செய்து விடவைத்துதான் அளவெடுப்பேன். பழக்க தோஷம், இவனிடமும் "மூச்சை விடுடா" என்றேன். "விட்டுட்டேன் சித்தி" என்றான். விடத்தான் செய்தான், நான் என் காதாலேயே கேட்டேன். நெஞ்சு, விலா, இடுப்பு, தோள் எல்லாம் எடுத்தேன்.

முதல் பனியன் எனக்கே திருப்தியாக வந்தது. முன்பக்கம் நெஞ்சுக்கு மட்டும் இழுபடாத வலைத்துணி, பக்கமும் முதுகும் நன்றாக இழுபடுகிற துணி, கீழ்விளிம்பில் எலாஸ்டிக் இல்லாமல் இடுப்பு வரை நீளம். போட்டுப் பார்த்து, பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடி பார்த்து, "சூப்பர் சித்தி" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டு, இனி நீ நிம்மதியாகத் தூங்கு என்றேன்.

இரண்டாம் நாளே மகாராணி ஃபோன் செய்தாள். "அக்கா, பாதியிலயே நின்னுட்டான். தூக்கப் போற இடத்துக்கு முன்னாடியே கையைக் காட்டிட்டு ஓரமா போய் உக்காந்துட்டான். பேண்டேஜ் மாதிரி இல்ல, பரவாயில்ல. ஆனா மூச்சு பத்தல."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. முதலில் துணிக்கடைக்காரரைத் திட்டினேன், துணி இழுபடவில்லை என்று. அவர் என் முன்னாலேயே அளவுகோல் வைத்து இழுத்துக் காட்டினார், ஒழுங்காகத்தான் இழுபட்டது. பிறகு என் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டேன். ஓவர்லாக் மெஷின் அவள் பொறுப்பு, அவளும் அந்த மெஷினும் ஒரே வேகத்தில் சத்தம் போடுவதால் அவளுக்கே ஓவர்லாக் என்று பெயர்.

"தையல்ல அதிகமா பிடிச்சிட்டியா?" என்றேன்.

"பிடிச்சேன், உன் கழுத்தைப் பிடிச்சேன்," என்றாள் ஓவர்லாக். "பிரிச்சுப் பாரேன். கால் இன்ச் சொன்னே, கால் இன்ச்தான் இருக்கு. தப்பெல்லாம் உன் அளவுல இருக்கும், வந்துட்டா பெரிய இவ."

பிரித்துப் பார்த்தேன். கால் இன்ச்தான் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவளுக்கு ஒரு டீ சொன்னேன்.

இரண்டாவது பனியனைச் சும்மா குத்துமதிப்பாகத் தளர்த்தித் தைத்தேன். மூச்சு வந்தது, ஆனால் முன்பக்கத் துணி இடம் மாறி மடிந்தது. "தெரியுது சித்தி" என்று கையைக் கட்டிக்கொண்டே நின்றான். கையைக் கட்டிக்கொண்டு என்ன ஆட்டம் ஆடுவது? மறுபடி அளவெடுத்தேன். அதே எண். டேப்பை மாற்றி எடுத்தேன். மறுபடியும் அதே எண். அந்த எண்ணுக்குத் தைத்தால் மூச்சு முட்டுகிறது, அதை விட்டால் துணி நிற்க மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு இப்படித் தண்ணி காட்டியது எதுவும் இல்லை.

அதற்குள் அவர்கள் மாஸ்டர், இப்படிப் பாதியில் நின்றால் ஆகாது என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். மாஸ்டர் என்றால் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற அம்மாள். நானே போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் பழகுகிற ஹாலுக்குப் போனேன். டேப் வழக்கம்போல் கழுத்தில் கிடந்தது, அதைக் கழற்றிவைக்க எனக்கு என்றைக்கு ஞாபகம் வந்திருக்கிறது?

"நான் கெட்டவ இல்லைங்க," என்றார் மாஸ்டர். "அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒரு ஆளைத் தோளுக்கு மேல தூக்கிட்டுச் சுத்துறான். நடுவுல அவனுக்குக் கண்ணு இருட்டிச்சுன்னா அவ தலைதான தரையில அடிக்கும்? சனிக்கிழமை முழு ஆட்டத்தையும் டிரெஸ்ஸோட பார்ப்பேன். நடுவுல நின்னான்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். வேற வழி இல்ல."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சுவரோரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்தேன். மரத் தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மாஸ்டர் "விலாவைத் தூக்கு! உள்ள இழு! அப்படியே பிடி!" என்று கத்திக்கொண்டே இருந்தார். வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் ஒல்லியானார்கள். துரைதான் அதில் முதல் மாணவன். உள்ளே என் முதல் பனியன், மேலே பழையபடி தொளதொள டீ-ஷர்ட் போட்டு ஆடினான், அழகாகத்தான் ஆடினான், ஆனால் பாதிக் கண் கண்ணாடியிலேயே இருந்தது. தூக்குகிற இடத்துக்கு முன்னால் வருகிற துள்ளல் பகுதி முடிந்ததும் கையைக் காட்டிவிட்டு ஓரத்துக்கு வந்துவிட்டான்.

சுவரில் சாய்ந்து நின்றான். டீ-ஷர்ட்டுக்குள் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. என்னடா என்று கேட்கலாம் என நான் பக்கத்தில் போனேன். விலா நின்றுவிட்டது. முழுசாக, பூட்டுப் போட்ட மாதிரி. முதுகு நிமிர்ந்தது, தோள் விரிந்தது, முகம் மட்டும் சாதாரணமாக என்னைப் பார்த்துச் சிரித்தது.

எனக்கு என்னவோ உறைத்தது. இரண்டடி பின்னால் போனேன். விலா மறுபடி ஏறி இறங்கியது. மறுபடி முன்னால் வந்தேன். நின்றது.

"என்ன சித்தி, நீயும் ஆடறியா?" என்றான்.

"டேய், மூச்சு விடுடா."

"விட்டுட்டேனே."

"விட்டே. அப்புறம் ஏன்டா திரும்ப இழுக்கல?"

அவன் விழித்தான். அவனுக்கே தெரியவில்லை. நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து அவன் கண்ணெதிரே நீட்டினேன், பார்வை அதன்மேல் விழுந்ததுமே உடம்பு இன்னும் ஒரு சுற்று சிறுத்தது. என் டேப் இத்தனை நாளாக அவன் உடம்பை அளக்கவே இல்லை. யாராவது நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுவந்தால் அவன் மூச்சை முழுக்க வெளியே தள்ளி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி விலாவைத் தூக்கி, தன்னால் எவ்வளவு சின்னதாக ஆக முடியுமோ அவ்வளவு சின்னதாக ஆகிப் பூட்டிக்கொள்கிறான். அந்தச் சின்ன ஆளுக்கு நான் கச்சிதமாகப் பனியன் தைத்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவையும் "மூச்சை விடு, மூச்சை விடு" என்று நானே வேறு எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். விஷயத்தை அவனிடம் சொன்னேன்.

"ஸ்கூல் யூனிஃபார்முக்கு அளவெடுக்க வருவாங்கல்ல," என்றான். "எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சு. என் முறை வர்றதுக்கு ரெண்டு பேர் முன்னாடியே நான் மூச்சை நிறுத்திடுவேன். இன்னும் அதே பழக்கம் இருக்குன்னு சத்தியமா தெரியாது சித்தி."

அந்தப் பள்ளிக்கூட வரிசையில் போய் நின்று அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வர வேண்டும்போல் இருந்தது. அது முடியாது என்பதால் டேப்பை அவன் கையிலேயே கொடுத்தேன்.

"நான் எடுக்கல. யாரும் எடுக்க வேணாம். இப்ப போய் அந்தத் துள்ளல் மொத்தமும் ஆடு. பேண்டேஜ், பனியன் எதுவும் வேணாம், இந்தத் தொளதொள சட்டையோட ஆடு. நாக்குத் தள்ளுற வரைக்கும் ஆடிட்டு நேரா டிரெஸ் மாத்துற ரூமுக்குள்ள போய் நீயே அளந்துக்கோ. அந்த நிலைமையில நீ நினைச்சாலும் மூச்சைப் பிடிக்க முடியாது."

ஆடினான். மகாராணி அறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றாள். உள்ளே பெருமூச்சும், டேப் கீழே விழுகிற சத்தமும், ஒரு "சே"யும் கேட்டன. பிறகு கதவிடுக்கு வழியாக எண்களைச் சொன்னான். விலாவில் நான் எடுத்திருந்ததைவிட இரண்டரை இன்ச் கூடுதல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டரை இன்ச் குறைத்து ஒரு மனுஷனைத் துணிக்குள் பூட்டிவிட்டு, ஏன்டா ஆடவில்லை என்று கேட்டிருக்கிறோம்.

ஆனால் வெளியே வந்தவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "அவ்வளவு பெருசா தைச்சா தெரியுமே சித்தி. மூச்சு இருக்கும், நான் இருக்க மாட்டேன்."

அவன் சொன்னதில் விளையாட்டே இல்லை. மகாராணிதான் வாயைத் திறந்தாள்.

"டேய், மூக்கு பெருசா இருக்குன்னு ஒரு பொண்ணு பார்லருக்கு வந்தா நாங்க மூக்கையா அமுக்குறோம்? ரெண்டு பக்கமும் நிழல் போட்டு விடுவோம். பார்க்கிறவன் கண்ணு வேலை செய்யட்டும், மூக்கு பாவம் என்ன பண்ணும்?"

நான் அவளைக் கட்டிப்பிடித்து நெட்டி முறித்தேன். அதே ஹால் தரையில் உட்கார்ந்து, ஓரமாகக் கிடந்த பழைய போஸ்டரைத் திருப்பிப்போட்டு வரைய ஆரம்பித்துவிட்டோம். அதுவரை ஒரே பனியன் எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் மண்டைக்கனம். இப்போது வேலையை இரண்டாகப் பிரித்தோம். உள்ளே ஒரு பனியன், அது பிடித்துக்கொள்வதற்கு மட்டும், நசுக்குவதற்கு இல்லை. மேலே ஒரு சட்டை, அது கண்ணுக்கு.

கடையில் ஓவர்லாக்கும் சேர்ந்துகொண்டாள். "அளவுதான் தப்புன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று மூன்று தடவை சொல்லிக்காட்டிவிட்டு, அப்புறம் எங்களைவிட அதிகம் வேலை பார்த்தாள். உள் பனியனில் நெஞ்சுத் துண்டு மட்டும் மெல்லிய இழுபடாத துணி. விலாவுக்கு வந்ததும் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை நன்றாக இழுபடுகிற வலைத்துணிப் பட்டை, அகலமாக, விரிவதற்கென்றே. தலைவழியாக மாட்டி இழுக்கிற கஷ்டம் வேண்டாம் என்று பக்கத்தில் கொக்கி, அவசரமென்றால் ஒரே இழுப்பில் திறந்துவிடும். மேல்சட்டைக்குத் தோளில் வெளிர் சாம்பல், நெஞ்சில் பளபளப்பே இல்லாத கறுப்பு. எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் அந்தக் கறுப்பில் மேடு பள்ளம் தெரியாது. இரண்டு நிறமும் சேரும் தையலைத் தோளிலிருந்து இடுப்புக்குச் சரிவாக இறக்கினோம், பார்வை தோளில் ஆரம்பித்து வழுக்கிக்கொண்டு இடுப்புக்கு வந்துவிடும். துணி நெஞ்சில் ஒட்டாமல் விரலளவு தள்ளி நிற்கும்.

போட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தான். நேராகப் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான், கையைத் தூக்கிப் பார்த்தான், குனிந்து நிமிர்ந்தான். நான் தள்ளியே நின்றேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"தோள் அகலமா இருக்கு," என்றான். "சித்தி, நான் அகலமா இருக்கேன்."

"இருக்கே. மூச்சு?"

கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாக இழுத்தான். வலைப்பட்டை விரிந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் விரிந்தது. எங்கே போய் முட்டும் என்று அவனே எதிர்பார்த்துக்கொண்டு இழுத்ததுபோல் இருந்தது. எங்கேயும் முட்டவில்லை. ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

ஆனாலும் சனிக்கிழமை காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்குள் கண்ணாடிமுன் மூச்சு விடுவது வேறு, ஆட்டம் வேறு. அக்காவையும் கூப்பிட்டேன், அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். "அவன் விழுந்தா என்னால பார்க்க முடியாதுடி. முடிஞ்சதும் சொல்லு." நான் ஹாலில் அதே சுவரோரமாக நின்றேன். டேப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் ஆழமாகப் போட்டுவிட்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் பகுதி அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. துள்ளல் வந்தது. வழக்கமாக அவன் கையைக் காட்டுகிற இடம் நெருங்க நெருங்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடம் வந்தது. கை மேலே போனது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அது மகாராணிக்கு நீட்டிய கை. அவள் ஓடி வந்து அதைப் பிடித்து ஏறினாள், அவன் தூக்கினான், தோளுக்கு மேலே அவள் இரண்டு கையையும் விரிக்க, கீழே அவன் கால் மாற்றிக் கால் மாற்றிச் சுற்றினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பூவை வைப்பதுபோல் அவளைத் தரையில் இறக்கிவிட்டான். அதோடு நிற்கவும் இல்லை, மிச்ச ஆட்டம் மொத்தத்தையும் ஆடினான். கண்ணாடிப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்வை போகவில்லை.

பாட்டு நின்றது. எல்லாரும் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். துரை மட்டும் நடு ஹாலில் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான். நெஞ்சு ஏறியது, இறங்கியது. அத்தனை பேர் எதிரில், அத்தனை பெரிய கண்ணாடி எதிரில் ஏறி இறங்கியது. கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. அதைப் பார்த்து நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

"இடது கால் லேட்டு," என்றார் மாஸ்டர் அவனிடம். பிறகு, "தூக்குற இடம் உன்னோடது. இனிமே அந்தப் பேச்சே இல்ல," என்றார்.

மகாராணி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்குள் என் ஃபோன் அடித்தது. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி ஆச்சு?"

"முழுசா ஆடிட்டான்கா. இப்ப மூச்சு வாங்குறான்."

"ஐயோ, மறுபடியுமா? டாக்டரைக் கூப்பிடு, நான் உடனே…"

"அக்கா, கத்தாத. நல்லா வாங்குறான். ஆடினவங்க எல்லாரும் எப்படி வாங்குறாங்களோ அப்படி வாங்குறான். இரு, நீயே கேளு."

நடந்துபோய் ஃபோனை அவன் முகத்தருகே நீட்டினேன். யாரு என்று கண்ணாலேயே கேட்டான். அம்மா என்றேன். பேசப் பார்த்தான், வார்த்தை வரவில்லை. சிரித்துக்கொண்டே வாய் நிறைய இழுத்து இழுத்து விட்டான். நடுவில் ஒரு "ம்மா" மட்டும் வந்தது.

ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "அக்கா?" என்றேன்.

"எடுக்காதடி," என்றாள் அக்கா. அழுதுகொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் அவன்கிட்டயே வெச்சிரு."